பட்டியலில் ஐந்தாவது வீடு

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்ப அங்கயே விட்டுடுங்க, யாரும் எடுக்க மாட்டாங்க. மூணு மாடி ஏறி வந்து செருப்பு தூக்கிட்டுப் போற அளவுக்கு யாருக்கும் தெம்பு கிடையாது. முதல்ல உட்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க உங்களுக்கு. எல்லாருக்கும் வாங்கும். தண்ணி குடிங்க, அப்புறம் பாக்கலாம். படம் எங்கயும் போயிடாது.

எந்த ஊரு? திண்டுக்கல்லா. அங்கேர்ந்து இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல. பாண்டிச்சேரிலேர்ந்து வந்திருக்காங்க. பரோடாவுலேர்ந்து ஒரு கும்பலே வந்துச்சு. போன மார்ச்ல ஒரு ஜெர்மன்காரர் வந்து தரையில சம்மணம் போட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாரு. காபி குடுத்தேன். கொஞ்ச நேரம் அதையும் அப்படியே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு.

நீங்களும் அந்தப் பட்டியல் பாத்துத்தானே வந்தீங்க? 'ஓவியர் குருபாதத்தின் படைப்புகளைச் சென்னையில் எங்கே பார்க்கலாம்.' எனக்கு மனப்பாடம். ஒண்ணு, மியூசியத்துல ரெண்டு எண்ணெய்ப் படம். ரெண்டு, ஓவியக் கல்லூரி முத்தத்துல அந்த சிமெண்ட் பறவை. மூணு, மவுண்ட் ரோட்டுல இன்சூரன்ஸ் ஆபீஸ் வாசல் சுவரு, ஓடு பதிச்சது. நாலு, பீச் பக்கம் அந்தப் பெரிய ஓட்டல்ல சாப்பாட்டு ஹால். அஞ்சு, வேப்பேரியில ஒரு தனியார் வீடு, முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செல்லவும். அந்த அஞ்சுதான் நாங்க. நாலையும் பாத்துட்டீங்களா? ஓட்டல்ல உள்ள விட்டாங்களா? சாப்பிட்டாத்தான் விடுவோம்னு சொல்லியிருப்பாங்களே. இங்க அதெல்லாம் இல்ல. நானே காபி குடுக்கறேன்.

சரி, திரும்பிப் பாருங்க. இதுதான்.

பதினோரு பொம்பளைங்க. தண்ணி லாரிக்கு வரிசையில நிக்கறாங்க. பச்சையா இருக்காங்களே, கழுத்து இவ்வளவு நீளமா இருக்கேன்னு எல்லாரும் கேப்பாங்க. எழுபத்தஞ்சாம் வருஷத்துல மெட்ராஸ்ல தண்ணிக்கு நின்னவங்களக் கேட்டா தெரியும், கழுத்து ஏன் நீளுதுன்னு. தெருமுனையில லாரி வருதா வருதான்னு எட்டிப் பாத்துப் பாத்து நீளும். கீழ வரிசையா குடம். லாரி மட்டும் படத்துல இல்ல. அது வரவே இல்லன்னு ஒரு புரொபசர் சொன்னாரு. வந்துட்டிருக்குன்னு இன்னொருத்தர் சொன்னாரு. ரெண்டு பேரும் இதே ஹால்ல நின்னு அரை மணி நேரம் சண்டை போட்டாங்க.

அந்த நாலாவது பொம்பள கழுத்துல ஓட்டை தெரியுதா? அது காலண்டர் ஆணி. எங்க மாமியார் அடிச்சது. டெல்லிலேர்ந்து வந்த அம்மா ஒருத்தங்க விரல வெச்சுப் பாத்துட்டு, இது ஓவியர் வேணும்னே செஞ்சதான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். பாவம், அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தவங்க.

குருபாதம் இந்த வீட்ல ரெண்டு வருஷம் இருந்தாரு. எங்க மாமனார் ஸ்கூல்ல கணக்கு வாத்தியார், இவரு அதே ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர். மாமனாருக்குத் திருச்சிக்கு மாத்தலாச்சு, வீட்டப் பூட்டிப் போடறதுக்குப் பதிலா நீ இருந்து பாத்துக்கன்னு சாவியக் குடுத்துட்டுப் போனாரு. திரும்பி வந்து கதவத் தொறந்தா சுவத்துல பதினோரு பொம்பளைங்க. மாமியார் அழுதுட்டாங்களாம். வெள்ளையடிச்சா சரியாப் போயிடும்னு மாமனார் சொன்னாரு. அடிக்கறேன் அடிக்கறேன்னு வருஷம் ஓடிடுச்சு. அவரு போற வரைக்கும் அடிக்கல.

நான் எண்பத்து மூணுல கல்யாணமாகி வந்தேன். என் பேரு லில்லி புஷ்பம். பட்டியல்ல என் பேரு இல்ல, 'வீட்டு உரிமையாளர்'னுதான் இருக்கும். நாசரேத் பக்கம் எங்க ஊரு. வந்த அன்னைக்கு இந்தச் சுவரப் பாத்து பயந்தேன். அப்ப பாதிப் படத்த பீரோ மறைச்சுக்கிட்டிருந்துச்சு. அஞ்சு பொம்பளைங்கதான் தெரிவாங்க.

எங்க வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டி கார்டு. ஆசீர்னு பேரு. ரயில்வேல கார்டுன்னா உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஒரு டிரங்குப் பெட்டிய எடுத்துக்கிட்டு வண்டியோட கடைசிப் பெட்டியில ஏறிப் போயிடுவாரு. ஜோலார்பேட்ட, கூடூர், ரேணிகுண்டா. போனா ரெண்டு நாளாகும், சில சமயம் மூணு. வந்தா தூங்குவாரு. எழுந்தா காலாற நடந்துட்டு வரேன்னு கெளம்பிடுவாரு. ரிட்டயர் ஆனப்புறமும் அப்படித்தான். காலைல ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, மேம்பாலத்து மேல நின்னு வண்டி போறதப் பாக்கறது. உட்காந்து ஒரு மணி நேரம் என்கிட்ட பேசினதா எனக்கு ஞாபகம் இல்ல. கெட்டவர்னு சொல்லல. கைநீட்டினதில்ல, குடிச்சதில்ல. வீட்ல இருக்க மாட்டாரு, அவ்வளவுதான்.

எங்க பையன் ரூபன் ஸ்கூலுக்குப் போனப்புறம் இந்த வீட்ல நானும் இந்தப் பொம்பளைங்களும்தான். மாமியார் போனதும் நான் முதல்ல செஞ்ச வேலை பீரோவ நகத்தினது. மறைஞ்சிருந்த ஆறு பேரையும் அன்னைக்குத்தான் முழுசாப் பாத்தேன். பேரெல்லாம் வெச்சிருந்தேன், சிரிக்காதீங்க. கடைசியில திரும்பி நிக்கறா பாருங்க, அவ முகம் தெரியாது. அவளுக்கு மட்டும் பேரு வெக்கல.

அத விடுங்க. நான் எதுக்குச் சொல்றேன்னா, எனக்குப் படம் பத்தியெல்லாம் ஒண்ணும் தெரியாது. இந்தப் படத்தால நான் படற பாடு இருக்கே, அத யாரும் பட்டியல்ல போடல. என்னால நாசரேத்ல தங்கச்சி வீட்டுக்குப் போக முடியல. ஒரு ஆணி அடிக்க முடியாது, ஒரு பெயிண்ட் அடிக்க முடியாது. அடைபட்டுக் கெடக்கறேன் இங்க.

எப்படி ஆச்சுன்னு கேளுங்க. ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி குருபாதம் பாரிஸ்ல இறந்துபோனாரு. பேப்பர்ல பெருசா வந்துச்சு. அதோட பக்கத்துலயே ஒரு கட்டத்துக்குள்ள அந்தப் பட்டியல். அப்ப அதுல நாலுதான் இருந்துச்சு. சரியா அதே மாசந்தான் இந்தக் கட்டடத்த இடிச்சுக் கட்டற பேச்சு முடிவாச்சு. எட்டு வீடு இங்க. கீழ் வீட்டு தணிகாசலம், அவர்தான் சங்கத்துச் செயலாளர், பில்டரக் கூட்டிட்டு வந்து எல்லார்கிட்டயும் வரைபடத்தக் காட்டினாரு. அஞ்சு மாடி, லிஃப்ட், கீழ கார் நிறுத்தற எடம். ஏழு பேரு கையெழுத்துப் போட்டாச்சு. எங்க வீட்டுக்காரரும் போடறேன்னுட்டாரு. லிஃப்ட் வந்தா நல்லதுதானே லில்லி, முட்டி வலிக்குதுன்னு சொல்றியே, அப்படின்னாரு. என் முட்டிய அன்னைக்குத்தான் கவனிச்சாரு.

மெல்போர்ன்லேர்ந்து ரூபன் போன் பண்ணினான். அம்மா, கட்டி முடிக்க ரெண்டு மூணு வருஷமாகும், அது வரைக்கும் கோயம்புத்தூர் பக்கம் முதியோர் குடியிருப்பு ஒண்ணு இருக்கு, பேசிட்டேன், ஒரு ரூமு, ஒரு பால்கனி, மணியடிச்சா சாப்பாடு, அப்பா நடக்கறதுக்குத் தோட்டம்கூட இருக்கு, அப்படின்னான். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னான். பிடிச்சிருந்தா அங்கயே இருந்துடலாம், இங்க வர்ற வீட்ட வாடகைக்கு விட்டுடலாம்னான். சரிப்பா, சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வெச்சுட்டேன்.

அப்புறம் பாத்தா யாரோ பேப்பர்காரங்களுக்கு எழுதிப் போட்டுட்டாங்க. வேப்பேரியில இப்படி ஒரு சுவரு இருக்கு, இடிக்கப் போறாங்கன்னு. ஒரு வாரத்துல கேமராவோட வந்துட்டாங்க. மறுநாள் பேப்பர்ல படம். 'தண்ணீருக்கு நிற்கும் பன்னிரண்டு பெண்கள்'னு போட்டிருந்தாங்க. நான் எழுதினப்ப பதினொண்ணுன்னு தெளிவாத்தான் எழுதினேன், அவங்க எப்படித்தான் எண்ணினாங்களோ.

ஆமா. நான்தான் எழுதினேன். ஒரு போஸ்ட் கார்டு. அதுல என்ன தப்பு? உள்ளதத்தானே எழுதினேன். இவருகிட்ட சொல்லல. சொல்ல நேரம் எங்க இருந்துச்சு, அவருதான் மேம்பாலத்துல நிப்பாரே.

அதுக்கப்புறம் பழைய கட்டடம், படமெல்லாம் பாதுகாக்கற அரசாங்கக் கமிட்டிக்காரங்க வந்தாங்க. அளந்தாங்க, தட்டிப் பாத்தாங்க, சுவத்த அறுத்து எடுக்க முடியாது, பொடிஞ்சுடும்னாங்க. முடிவு எடுக்கற வரைக்கும் கட்டடத்த இடிக்கக் கூடாதுன்னு உத்தரவு. பில்டர் ஒரு வருஷம் பாத்துட்டு வேற தெருவுக்குப் போயிட்டாரு. அன்னையிலேர்ந்து இந்தக் கட்டடத்துல யாரும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. முதல் மாடியில ஒரு வீட்ல கூரைப் பூச்சு பெயர்ந்து கட்டில் மேல விழுந்துச்சு. நல்ல வேளை கட்டில்ல ஆளில்ல. அதுக்கும் நான்தான் காரணம்னாங்க. தணிகாசலம் ஒருநா மேல வந்து, கமிட்டி உத்தரவ இதே ஹால்ல நின்னு சத்தமாப் படிச்சாரு. "படம் சரிசெய்ய முடியாத அளவுக்கு அழிந்துபோனால் இந்தத் தடை தானாக விலகும். கேட்டுக்கங்கம்மா. ஆண்டவன் மழைய விட்டு அழிச்சாத்தான் எங்களுக்கு விடிவு" அப்படின்னாரு. நல்லாப் பேசிட்டிருந்த மனுஷன். அப்ப இவரு அங்க, பால்கனி வாசல்கிட்ட சக்கர நாற்காலியில உட்கார்ந்திருந்தாரு. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு.

ஆமாம்மா, சக்கர நாற்காலி. அத நான் இன்னும் சொல்லலையா? அஞ்சு வருஷம் ஆச்சு. காலைல பல் தேய்ச்சிட்டிருந்தவர் கையிலேர்ந்து பிரஷ் நழுவிடுச்சு. எடுக்கக் குனிஞ்சவர் நிமிரல. வலது பக்கம் கை காலு போச்சு, பேச்சும் போச்சு. ஆம்புலன்ஸ்காரங்க போர்வையில வெச்சு இறக்கினாங்க. பதினெட்டாவது நாள் நாலு பேரு நாற்காலியோட தூக்கி, மாடிக்கு மாடி எறக்கி வெச்சு எறக்கி வெச்சு மேல கொண்டுவந்தாங்க. அதுதான். அதுக்கப்புறம் அவரு எறங்கல.

பிசியோதெரபி பண்ண ஒரு அம்மா வந்தாங்க, நாலு மாசம். நல்லாத்தான் செஞ்சாங்க. சுவரப் பிடிச்சுக்கிட்டு நிக்க வெச்சாங்க. அடுத்து படிக்கட்டுப் பழக்கலாம், ரெண்டு பேரு பிடிச்சா ஆறு மாசத்துல எறங்கிடுவாருன்னாங்க. எனக்கு அது சரியாப் படல. அந்தப் படிக்கட்டப் பாத்தீங்கதானே, எவ்வளவு செங்குத்து. விழுந்துட்டா யாரு பாக்கறது? இனிமே வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்த அம்மா போகும்போது இவரு கையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. அவ்வளவு நன்றி.

ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த முதல் ரெண்டு வருஷந்தான் நாங்க குடும்பம் நடத்தினோம். நான் ஊட்டுவேன், தலை சீவுவேன், பைபிள் படிச்சுக் காட்டுவேன். வர்றவங்களுக்குப் படத்தப் பத்திச் சொல்லும்போது அவரும் பக்கத்துல இருப்பாரு. பால்கனி வாசல்ல உட்கார வெச்சா தூரத்துல ரயில் போறது தெரியும். அதப் பாத்துக்கிட்டிருப்பாரு. மெயில் வண்டி போற நேரத்துக்கு எடது கைய லேசா மேல தூக்குவாரு, கொடி காட்டற மாதிரி. நாற்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் வீட்ல இருக்காருன்னு நெனச்சுக்குவேன். வாய் தொறந்து சொன்னதில்ல.

போன வருஷம் ஐப்பசி மழையப் பத்திச் சொல்லணும். அதுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஒரு மாசம் விடாத மழை. புதன்கிழமை மத்தியானம் சர்ச்ல பெண்கள் ஜெபக் கூட்டம் இருக்கும், நான் போயிட்டு வருவேன், வாரத்துக்கு அந்த ஒரு தடவைதான் வெளிய. ஒரு வாரம் வந்து பாத்தா படத்துக்கு அடியில, தரையில, வெள்ளையாத் தூள். முதல் குடத்தோட விளிம்பு போயிருக்கு. மழை ஈரத்துல சுவத்துல ஓதம் ஏறுதுன்னு நெனச்சேன். அடுத்த வாரம் முழுக் குடமும் இல்ல. அதுக்கடுத்த வாரம் இன்னும் மூணு குடம். கமிட்டிக்கு போன் பண்ணினேன். மழை நிக்கட்டும், ஆள் அனுப்பறோம்னாங்க. நானே துணி வெச்சு ஒத்தி ஒத்தி எடுத்தேன், டேபிள் ஃபேன போட்டு வெச்சேன். இவருக்குக் காத்து வேணும்னு வெச்சிருந்த ஃபேன் அது.

நாலாவது வாரம் நான் போயிச் சேர்றதுக்குள்ள தெருவுல முட்டளவு தண்ணி. கூட்டம் இல்லன்னுட்டாங்க. திரும்பி வந்துட்டேன். கதவ மெதுவாத்தான் தொறந்தேன், தூங்கிட்டிருப்பாரேன்னு.

நாற்காலிய சுவரோட ஒட்டி நிறுத்தியிருக்காரு. எப்படி அவ்வளவு தூரம் ஒத்தக் கையால தள்ளிக்கிட்டு வந்தாரோ. எடது கையில சாம்பார் கரண்டி, சின்னது. அந்தக் கைக்கு எட்டற உயரம் அந்தக் குடங்கதான். சுரண்டிக்கிட்டிருக்காரு. கோபமால்லாம் இல்லம்மா. ஒரே சீரா. இழுக்கறாரு, நிறுத்தறாரு, இழுக்கறாரு. மடியெல்லாம் சுண்ணாம்பு. அஞ்சு குடம் போயாச்சு.

நான் வந்தது அவருக்குத் தெரியும். குடையிலேர்ந்து தண்ணி சொட்டற சத்தம் கேட்டிருக்கும். திரும்பி என்னப் பாத்தாரு. பாத்துட்டு மறுபடியும் சுரண்ட ஆரம்பிச்சாரு. என் கண் முன்னாடியே.

கிட்டப் போயி கரண்டிய வாங்கினேன். குடுத்துட்டாரு. கழுவி எடத்துல வெச்சேன். வென்னீர் வெச்சு அவரு கையக் கழுவிவிட்டேன், நகத்துக்குள்ள பச்சையும் வெள்ளையும். லுங்கிய மாத்திவிட்டேன். அன்னைக்கு ரசஞ்சாதத்தக் கையால பிசைஞ்சு ஊட்டினேன். வாயத் தொறக்க ரொம்ப நேரமாச்சு.

மூளையில அடிபட்டவருக்கு என்ன தெரியும்? டாக்டரும் அதத்தான் சொல்வாரு. கையில ஒண்ணு கெடச்சா எதையாவது தேய்ச்சுக்கிட்டிருப்பாங்க. நான் யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன், நீங்க திண்டுக்கல் போயிடுவீங்க.

மழை விட்டதும் கமிட்டி ஒரு பொண்ண அனுப்பினாங்க, நிலோஃபர்னு. பழைய படங்களச் சரிபண்றதுக்குப் படிச்ச பொண்ணு. கண்ணுல ஒரு லென்ஸ மாட்டிக்கிட்டுப் பாத்துட்டு, "ஆன்ட்டி, இது ஓதம் இல்ல. யாரோ சுரண்டியிருக்காங்க" அப்படின்னா. பாக்க வந்தவங்க யாராவது குழந்தையக் கூட்டிட்டு வந்திருப்பாங்கம்மான்னு சொன்னேன். அவ நாற்காலியப் பாத்தா, சுவத்துல அந்த உயரத்தப் பாத்தா. அதுக்கப்புறம் கேக்கல. நல்ல பொண்ணு. நாற்பது நாள் வந்தா. பழைய போட்டோ பாத்து, ஊசி மாதிரி பிரஷ்ஷால, அஞ்சு குடத்தையும் திரும்பக் கொண்டுவந்துட்டா. இப்பப் பாத்தா தெரியாது. கிட்டப் போனா குறுக்குக் கோடு கோடாத் தெரியும், அது வேணும்னே அப்படிச் செய்வாங்களாம்.

வேலை முடிஞ்ச அன்னைக்கு அவ இவரு முன்னாடி முட்டி போட்டு உட்கார்ந்து கேட்டா, "அங்கிள், நல்லா இருக்கா? ஏதாவது செய்யணுமா?" அப்படின்னு. நாலரை வருஷமா ஆ, ஊன்னு சத்தந்தான் வரும். அன்னைக்கு உதட்டக் கோணி, ரொம்பக் கஷ்டப்பட்டு, ஒரு வார்த்தை சொன்னாரு. "கீழ." தெளிவா. "கீழ." ரெண்டு தடவை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. பாரும்மா, கீழ இன்னும் கொஞ்சம் சரிபண்ணணும்னு சொல்றாரு, எவ்வளவு நுணுக்கமாப் பாக்கறாருன்னு சொன்னேன். நிலோஃபர் என்னையே பாத்தா. அப்புறம் பிரஷ்ஷ எடுத்து அடிவரிசைய இன்னொரு தடவை தொட்டுட்டுப் போனா. போகும்போது சொல்லிக்கிட்டுக்கூடப் போகல. அழுதிருந்த மாதிரி இருந்துச்சு. வேலை முடிஞ்சுடுச்சுன்னா அவங்களுக்கெல்லாம் அப்படித்தான் போல.

அவ போயித் தணிகாசலத்துகிட்ட என்ன சொன்னாளோ தெரியல. அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல சர்ச் முடிஞ்சு வரேன், மனுஷன் வாசல்ல நிக்கறாரு. கூட ரெண்டு தடிப்பசங்க, ஜிம்முக்குப் போறவங்க மாதிரி. ஒரு பிரம்பு நாற்காலி, ரெண்டு பக்கமும் மூங்கில் கட்டி. எட்டு வருஷமா என்கிட்ட ஒழுங்காப் பேசாதவர், தணிஞ்ச குரல்ல பேசினாரு.

"ஏம்மா, ஆசீர் சாரக் கீழ எறக்கிட்டுப் போறோம். மேம்பாலம் வரைக்கும். ஒரு மணி நேரம். பத்திரமாக் கொண்டாந்து விட்டுடறோம்."

"வேண்டாம் சார். விழுந்துட்டா?"

"விழ மாட்டாரு. நான் முன்னாடி வரேன், விழுந்தா என் மேலதான் விழணும்."

"வெயிலு அவருக்கு ஒத்துக்காது. டாக்டர் சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டர்மா?"

நான் கதவப் பாதி சாத்தினேன்.

"சரி, நான் சொல்ல வேண்டாம், நீங்களும் சொல்ல வேண்டாம். அவரக் கேளுங்க" அப்படின்னாரு.

பாருங்கம்மா பேச்ச. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தினவ, நான் அவரப் போயிக் கேக்கணுமாம். கதவச் சாத்திட்டேன். அவங்க படிக்கட்டுல எறங்கற சத்தம் கேட்டுச்சு. அந்தக் காலி நாற்காலி சுவத்துல இடிச்சு இடிச்சு எறங்கிப்போச்சு.

அன்னைக்கே இவரு கட்டில உள் ரூமுக்கு மாத்திட்டேன். ஹால்ல ஆளுங்க வர்றதும் போறதுமா இருந்தா அவருக்குத் தொந்தரவு. அங்க அமைதியா இருக்கும். ஜன்னல் இருக்கு, பக்கத்துக் கட்டடத்துச் சுவரு தெரியும். நாற்காலிய மடிச்சுப் பரண்ல போட்டாச்சு, எடத்த அடைச்சுக்கிட்டு இருந்துச்சு.

பிப்ரவரியில கமிட்டிகிட்டேர்ந்து கடைசிக் கடிதம் வந்துச்சு. படம் நிரந்தரமாப் பாதுகாக்கப்பட்டதாம். கட்டடத்த இனி யாரும் இடிக்க முடியாது. வெளிச் சுவத்துல லிஃப்ட் கட்டறதுக்கும் அனுமதி கெடையாது, அதிர்வுல சுவரு விட்டுடுமாம். ரூபன் போன்ல சொன்னான், "அம்மா, நீ ஜெயிச்சுட்ட" அப்படின்னு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. என்னடா ஜெயிச்சேன், நான்தான் இங்க மாட்டிக்கிட்டுக் கெடக்கறேன்னேன். அப்பாகிட்ட போனக் குடு, நான் பேசறது காதுல விழுந்தாப் போதும்னான். தூங்கறாருப்பான்னு சொல்லிட்டேன். தூங்கல. ஆனா என்னத்தப் பேசுவான் இவன், அப்பா வர்றீங்களான்னு கேப்பான். எதுக்கு வீணா ஆசை காட்டணும்?

காபி எடுத்துக்கங்க. போட்டோ எடுக்கலாம், ஃபிளாஷ் மட்டும் போடக் கூடாது. வந்தவங்க எல்லாம் ஒரு நோட்டுல எழுதிட்டுப் போவாங்க, நீங்களும் எழுதுங்க. முன்னூறு பேருக்கு மேல எழுதியிருக்காங்க. என்னப் பத்திக்கூட நாலஞ்சு பேரு எழுதியிருக்காங்க, 'இந்த அம்மா இல்லையென்றால் இந்த ஓவியம் இல்லை'ன்னு.

என்ன? இவரையா? இல்லம்மா, இவரப் பாக்கணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.

நான் ஏன் அவரக் கேக்கலன்னா... நீங்களும் தணிகாசலம் மாதிரியே கேக்கறீங்களே. ஏன் நான் அவர ஒரு வார்த்தை கேக்கலன்னு.

கேட்டா சொல்லிடுவாரும்மா. அந்த ஒரு வார்த்தை அவருக்கு வருது. எனக்கு என்ன புரியாமலா இருக்கு? கேட்டா சொல்லிடுவாரு. சொல்லிட்டா அப்புறம் எறக்கணும். எறங்கினா இவரு திரும்பி ஏற மாட்டாரு, எனக்குத் தெரியும். மூணு மாடிக்கு இவர யாரு தூக்கினாலும், இவரு மனசு மேம்பாலத்துலயே நின்னுடும். அப்ப நான் மட்டும் இங்க உட்கார்ந்து யாருக்குப் படத்தக் காட்டறது?

இல்ல, அது ஒண்ணுமில்ல. டம்ளரால கட்டில் கம்பியத் தட்டறாரு. மத்தியானத்துல தட்டுவாரு. மெயில் போற நேரம். கொஞ்ச நேரத்துல நின்னுடும், நீங்க எழுதுங்க.

எழுந்திரிக்காதீங்கம்மா. அந்தக் கதவுகிட்டப் போகாதீங்க, அங்க ஒண்ணும் இல்ல. சொல்றேன்ல, படம் இந்தப் பக்கம் இருக்கு.